டயானாவுக்குப் பழப்புளி

என் மனுசனைப் பழப்புளியோடு வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது எனக்கு முப்பத்தாறு வருடமாகத் தெரியும். தெரிந்தும் போனேன். ஆகவே முதல் குற்றவாளி நான்தான். இதை அவர் கேட்டால், "பாத்தியளே, அவவே ஒப்புக்கொள்ளுறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்படுவார். படட்டும்.

அவர் பெயர் சண்முகராசா. இல்ஃபோர்டில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இருபத்தெட்டு வருடம் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவர். அதுவரை வீட்டு விளக்குகளைத் தேய்த்துவந்தவர், ஓய்வு பெற்ற அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் விளக்குத் தேய்க்கும் தொண்டில் சேர்ந்துவிட்டார். குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, தட்டம், செம்பு, கைமணி, எதைக் கொடுத்தாலும் தேய்ப்பார். பழப்புளியை வெந்நீரில் ஊறப்போட்டு, உப்புச் சேர்த்து, ஈஸ்ட் ஹாமில் வாங்கின தேங்காய்த் தும்பால் முதல் சுற்று. பிறகு பாதியாக வெட்டின தேசிக்காயின் புளிச்சாறால் இரண்டாவது சுற்று. கடைசியில் போத்தலில் வரும் பித்தளைப் பொலிஷ். ஐயரே ஒரு முறை, "சண்முகராசா அண்ணை தேய்ச்சா விளக்குக் கொளுத்தத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனுசனைப் பிடிக்க ஏலாது. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் முதலில் சாமியறையை எட்டிப் பார்த்து, "விளக்குக் கொஞ்சம் மங்கிப்போச்சுது போல" என்பார். நாங்கள் வருகிறோம் என்றால் விளக்கை ஒளித்துவைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கோயிலுக்குப் புறப்படும்போது "வாறன்" என்பார். என்னைப் பார்த்து இல்லை, கதவைப் பார்த்து. முப்பத்தாறு வருடமாக அந்தக் கதவுக்குத்தான் அவர் போவதும் வருவதும் தெரியும்.

நான் சிவனேஸ்வரி. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் வான்ஸ்டெட்டில் மிஸிஸ் பெல்லமியின் வீட்டுக்குப் போகிறேன். எண்பத்து நான்கு வயது, தனியே இருக்கிறா. குளிக்க வார்ப்பது, சமைப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, பிறகு இருவருமாக இருந்து அயலட்டையை நாறடிப்பது, இவ்வளவும் என் வேலை. கடைசி வேலைக்குச் சம்பளம் இல்லை. என்னை "சிவா" என்றுதான் கூப்பிடுவா. இவருக்கு அது பிடிக்காது. "அது ஆம்பிளைச் சாமியின்ர பேர்" என்பார்.

அந்த வீட்டு நடையில், தெருக்கதவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மேசை. அதன் மேல் டயானா நிற்பாள். பிரான்சில் நூறு வருடத்துக்கும் முன்னர் வெண்கலத்தில் வார்த்த சிலை. முழங்கையில் இருந்து விரல் நுனி வரை அளந்தால் அவளுடைய உயரம் வரும். பழைய ரோமாபுரிக்காரரின் வேட்டைத் தெய்வம். கையில் வில், முதுகில் அம்புக்கூடு, நெற்றிக்கு மேலே ஒரு சின்னப் பிறை, காலடியில் ஒரு நாய். உடம்பு முழுக்கக் கடும் தேயிலைச் சாய நிறம். இடது தோள் மட்டும், அம்புக்கூட்டின் வார் போகிற இடத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பொன்னாக மினுங்கும்.

அந்தத் தோளின் கதையை மிஸிஸ் பெல்லமி எனக்கு இரண்டாம் வருடம்தான் சொன்னா. அவவும் புருசன் ஜோர்ஜும் கலியாணம் முடித்த கையோடு பாரிசுக்குப் போய், ஒரு பழைய சாமான் சந்தையில் இவளை வாங்கி வந்திருக்கிறார்கள். திரும்பி வந்தால் வீட்டில் மாமியார். மாமியாரின் நாற்காலி தெருக்கதவைப் பார்த்தபடி கிடக்கும். ஜோர்ஜ் சரியான கூச்ச சுபாவம். வேலைக்குப் போகும்போது தாய்க்கு முன்னால் பெண்சாதியைக் கொஞ்சவும் மாட்டார், தொடவும் மாட்டார். அதற்குப் பதிலாக டயானாவின் தோளில் உள்ளங்கையை வைத்து, அவளுடைய தலைக்கு மேலால் பெண்சாதியைப் பார்த்து, "போயிட்டு வருகிறேன்" என்பாராம்.

"மாமியார் ஏழு வருடத்தில் போய்விட்டா. ஆனால் இந்த மனிதருக்குப் பழக்கம் போகவில்லை" என்றா மிஸிஸ் பெல்லமி. "ஓய்வு பெறும் வரை நாற்பத்தொரு வருடம், சிவா! என் தோளில் ஒரு மறு கூடத் தேயவில்லை. இவளுடைய தோளைப் பார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் ஜோர்ஜ் செத்த ஒன்பது வருடத்தில் அந்த இடத்தில் அவ தன் கையை ஒரு நாளும் வைத்ததில்லை. வைத்தால் அவருடைய கை அழிந்துபோகும் என்ற பயம். வருடத்துக்கு ஒரு முறை மெல்லிய தூரிகையால் மெழுகு பூசுவா, அவ்வளவுதான். ஜோர்ஜின் உடுப்பு, புத்தகம் எல்லாவற்றையும் தர்மக் கடைக்குக் கொடுத்தாச்சு. மிச்சம் இருந்த ஜோர்ஜ் அந்த உள்ளங்கை அகலம்தான்.

போன செப்டெம்பர் மேல்மாடி வீட்டில் குழாய் வெடித்து, மிஸிஸ் பெல்லமியின் கூரைத்தட்டு ஊறி இறங்கிவிட்டது. திருத்தி முடிக்க மூன்று கிழமை. அதுவரை டெவனில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். வேலையாட்கள் ஏணியும் வாளியுமாகப் போய் வருகிற நடையில் டயானாவை விட அவவுக்கு மனம் வரவில்லை. ஒரு துவாயில் சுற்றி என் மடியில் வைத்தா.

"உன்னை மட்டும்தான் நம்புகிறேன், சிவா. தூசு தட்டவும் வேண்டாம். அந்தத் தோளை மட்டும் பார்த்துக்கொள்."

நான் தலையாட்டினேன். என்ன பெரிய விசயம், ஒரு சிலையை மூன்று கிழமை மேசையில் நிற்க வைக்கிறதுதானே என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம், "இதை ஒருத்தரும் தொடக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். தோளின் கதையைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கதையைச் சொன்னால் நான் எதையோ கேட்கிற மாதிரி இருக்கும். கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு, வெள்ளைக்காரன் ஒருத்தன் சிலையைத் தொட்ட கதையைச் சொல்லி இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் எல்லாவற்றுக்கும் வினையாகிப்போனது.

முதல் கிழமை இவர் டயானாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இஞ்சரும், தலையில பிறை இருக்குது, பாத்தீரே?"

"ஓம். பாத்தன்."

"காலடியில நாய். எங்கட வைரவற்ற வாகனம்."

"அது வேட்டை நாய், இஞ்சேருங்கோ."

"வைரவர் மட்டும் நாயைக் கொஞ்சவே வச்சிருக்கிறார்? வில்லு, அம்பு, பிறை. வெள்ளைக்காரன் எங்கட அம்பாளைத்தான் தெரியாமச் செய்து வச்சிருக்கிறான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உடுப்புத்தான் கட்டை" என்றார். அடுத்த நாள் பார்த்தால் டயானாவின் இடுப்பில் மகள் கம்சிகாவின் பழைய பட்டுப் பாவாடைத் துண்டு ஒன்று கணுக்கால் வரை தொங்கியது. அவிழ்த்துவிட்டேன். மறுநாள் திரும்பவும் கட்டியிருந்தார். இப்படியே நாங்கள் இருவரும் மூன்று நாள் அவளுக்கு உடுத்தியும் அவிழ்த்தும் விளையாடினோம்.

இரண்டாம் கிழமை நவராத்திரி தொடங்கியது. அதே கிழமை கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற என் தங்கச்சிக்குக் கண்ணில் ஒப்பரேசன். இரண்டு நாள் துணைக்கு நிற்கப் போனேன். போகும்போது பிரிஜ்ஜில் எந்தச் சட்டியில் என்ன கறி என்று சொன்னேன். கதவைப் பூட்டச் சொன்னேன். பழப்புளியை எடுத்து ஒளித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மணம் மூக்கில் அடித்தது. புளியும் தேசிக்காயும் பொலிஷும். கோயில் விளக்காக இருக்கும், கோயில் விளக்காக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

இவர் சோபாவில் நிமிர்ந்து இருந்தார். கைவிரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கம்சிகா பிறந்த அன்றைக்குக்கூட அவ்வளவு பூரிப்பை நான் பார்க்கவில்லை.

"கண்ணை மூடும்" என்றார்.

"என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

"மூடுமன் அப்பா!"

நான் மூடவில்லை. சாமியறையில், கும்பத்துக்குப் பக்கத்தில், டயானா நின்றாள். அன்றைக்குத்தான் வாங்கின தாலிக்கொடி மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றாள். பிறை மினுங்கியது, வில் மினுங்கியது, நாயின் மூக்கு நுனி மினுங்கியது. நெற்றியில் சந்தனப் பொட்டு. இடுப்பில் பட்டுத் துண்டு. நான் தோளைத் தேடினேன். தோளும் மினுங்கியது. எல்லாமே மினுங்கும்போது தோள் எது, மிச்சம் எது?

தரையில் அப்படியே குந்திவிட்டேன்.

"ரெண்டு நாள் எடுத்தது" என்றார் இவர். "லேசான ஊத்தை இல்லையப்பா! மூண்டு சுத்துப் புளி. நாயின்ர காதுக்குள்ள தீக்குச்சி விட்டுத்தான் எடுத்தன். மனுசி வந்து பாத்திட்டு மயங்கப் போறா."

"ஓம், மயங்கத்தான் போறா" என்றேன். குரல் முதலில் மெல்லத்தான் வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டும் அளவுக்கு வந்தது. "தொடாதேங்கோ எண்டு சொன்னனானா இல்லையா? தமிழிலதானே சொன்னன்? விசர் மனுசன், அது ஊத்தை இல்லை! அந்தத் தோள் ஜோர்ஜ்!"

"ஆர் ஜோர்ஜ்?"

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன். மாமியார், நாற்காலி, உள்ளங்கை, நாற்பத்தொரு வருடம், எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். இவர் கையில் இருந்த துணியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"தோளில மட்டும் மினுங்கிச்சுது" என்றார் கடைசியில். "அதுதான் அவவின்ர உண்மையான நிறம் எண்டு நினைச்சன். அந்த ஒரு இடத்தை மட்டும் ஆரோ வடிவாக் கவனிச்சிருக்கினம், மிச்சத்தை அப்படியே விட்டிட்டினம், பாவம் எண்டு நினைச்சன்."

அவரை அதற்கு மேல் ஏச எனக்கு வாய் வரவில்லை. ஏசியிருக்கலாம். மனதில் நிறைய இருந்தது.

அடுத்த நாள் காலை இவருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. முதலில் கடும் தேயிலைச் சாயம் ஒரு சட்டி வைத்தார். டயானாவின் பீடத்தின் அடியில் பூசிப் பார்த்தால் ஒட்டவில்லை, வழிந்தது. பிறகு கோப்பி. பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

"எங்க போறியள்?"

"பிறவுண் சப்பாத்துப் பொலிஷ் வாங்க. கடும் பிறவுணோ, மெல்லிய பிறவுணோ எண்டு உமக்கு ஞாபகம் இருக்கே?"

நான் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு கம்சிகாவுக்குப் போன் எடுத்தேன். அவள் ரெடிங்கில் மருந்துக்கடை நடத்துகிறாள். கதையைக் கேட்டுவிட்டுப் பொய்யாக இருமினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கு விளங்கியது. "அம்மா, டோன்ட் டச் எனிதிங். அப்பாவை அதுக்குக் கிட்ட விடாதேங்கோ. கிச்சினுக்கும் விடாதேங்கோ" என்றாள். பின்னேரத்துக்குள் ஒரு விலாசம் அனுப்பினாள். பழைய வெண்கலச் சிலைகளைத் திருத்துகிற ஒருவர், கொலின் என்று பெயர், பெத்னல் கிறீனில் ரெயில் பாலத்துக்குக் கீழே பட்டறை வைத்திருக்கிறார்.

மிஸிஸ் பெல்லமி திரும்பி வர ஒன்பது நாள் இருந்தது. டயானாவை என் சால்வையில் சுற்றி, எலிசபெத் லைனில் வைட்சப்பல் வரை கொண்டுபோனோம். இவர் மடியில் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். முன்னால் இருந்த பெண் ஒருத்தி குனிந்து சால்வைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் எழும்பி வேறு பெட்டிக்குப் போனாள்.

கொலின் சிலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "இதை யார் செய்தது?"

இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

"எதனால்?"

"புளி" என்று நான் சொன்னேன். எது புளி என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போனது.

"முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன்" என்றார் கொலின். "இவ்வளவு சுத்தமாக ஒருவர் உரித்து நான் பார்த்ததில்லை. காதுக்குள்ளும் எடுத்திருக்கிறீர்களே!"

இவருடைய உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நான் இடுப்பில் ஒரு கிள்ளுக் கிள்ளினேன். சிரிப்புப் போய்விட்டது.

அந்தத் தேயிலை நிறம் ஊத்தை இல்லையாம். வார்த்த கையோடு நெருப்பில் வாட்டி, மருந்து பூசி, செய்தவர்களே ஏற்றின நிறமாம். சிலையில் பாதி அழகு அந்த நிறத்தில்தானாம். தன்னாலும் அதை ஏற்ற முடியும் என்றார் கொலின். "வியாழக்கிழமை வாருங்கள். சொந்தக்காரிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

எனக்கு மூச்சு வந்தது. இவர் கண்ணை மூடி, "முருகா" என்றார்.

"இப்படிப் பழைய சிலைகளில் எங்காவது கைபட்டுத் தேய்ந்த இடம் இருக்கும். இதில் இருந்ததா?"

"இடது தோள்" என்றேன்.

"அதுதான் எல்லாவற்றிலும் சுகமான வேலை. நிறம் ஏற்றின பிறகு இரும்புப் பஞ்சால் தேய்த்தால் அந்த இடம் மினுங்கும். இரண்டு நிமிடம்."

நான் தலையாட்ட வாயெடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளத்தான் போனேன். எனக்கு அந்த வீடு வேண்டும், அந்த மனுசியின் வாய் வேண்டும், திங்கள் புதன் வெள்ளி வேண்டும். பொய்யோ மெய்யோ, அவ கதவைத் திறக்கும்போது தோள் மினுங்கினால் போதும் என்று நினைத்தேன்.

"வேண்டாம்" என்றார் இவர்.

"என்ன வேண்டாம்?"

என் பக்கம் திரும்பி, கொலினுக்கு விளங்காதபடி தமிழில் மெல்லச் சொன்னார். "நாப்பத்தொரு வருசத்தை இந்த மனுசன் ரெண்டு நிமிசத்தில செய்யிறாராம். அவ அதில மெழுகு பூசிக்கொண்டு இருப்பா. ஜோர்ஜ் எண்டு நினைச்சுப் பூசுவா. நான் செய்தது பிழை. இது களவு. உள்ளபடியே கொண்டுபோய்க் காட்டுவம்."

இந்த மனுசனுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரியாது. சால்வையை எடுத்து டயானாவைத் திரும்பச் சுற்றினேன்.

மிஸிஸ் பெல்லமி ஒரு சனிக்கிழமை வந்தா. இவர் தானும் வரத்தான் வேண்டும் என்று நின்றார். கம்சிகாவின் பட்டமளிப்புக்குத் தைத்த கோட்டும் சூட்டும் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, டயானாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்தார். தேவாரமாக்கும் என்று காதைக் கொடுத்தால், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கப் பாடமாக்கிக்கொண்டு வருகிறார்.

நடையில் புது வெள்ளைப் பூச்சு மணத்தது. சின்ன மேசை வெறுமையாகக் காத்திருந்தது. மிஸிஸ் பெல்லமி ஊன்றுகோலோடு நின்று, "அவளை அவளுடைய இடத்தில் வை" என்றா. இவர் மேசையில் வைத்துச் சால்வையை உரிந்தார்.

அவ பார்த்தா. முதலில் முகத்தை இல்லை, தோளை. நான் பார்த்த மாதிரியே. அந்த ஒரு நிமிடத்தில் அவ இன்னும் பத்து வயது கூடின மாதிரி எனக்குத் தெரிந்தது.

"யார்?" என்றா.

பாடமாக்கினது எல்லாம் இவருக்கு மறந்துபோனது. "நான், மெடம். சிவனேஸ்வரி தொட வேண்டாம் என்று சொன்னவ. நான்தான் தொட்டேன்."

"ஏன்?"

"தோள் மட்டும் மினுங்கியது. அதை மட்டும் யாரோ அன்பாகப் பார்த்திருக்கிறார்கள், மற்ற இடத்தை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். எல்லா இடத்தையும் அப்படிப் பார்க்கவேண்டும் என்று..." அதற்கு மேல் இவருக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழும் வந்திருக்காது.

மிஸிஸ் பெல்லமி ஊன்றுகோலை என்னிடம் தந்தா. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினா. பாதியில் நிறுத்தினா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, டயானாவின் தோளில் வைத்தா. ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

பெருவிரல் மெல்ல ஊர்ந்தது. முன்னுக்குப் போனது, பின்னுக்கு வந்தது, ஓரிடத்தில் நின்றது. அவ என் கையைப் பிடித்து இழுத்து என் விரலை அங்கே வைத்தா. அம்புக்கூட்டின் வார் பின்னல் வேலை. என் விரலுக்குக் கீழே பின்னல் பின்னலாகப் போனது. தோளின் மேலே வந்ததும் பின்னல் இல்லை. வழவழவென்று ஒரு சின்னப் பள்ளம். அதைத் தாண்டினால் திரும்பவும் பின்னல்.

"இங்கே இருக்கிறார்" என்றா மிஸிஸ் பெல்லமி. கண்ணைத் திறக்கவில்லை. "நிறத்தைத்தான் கொண்டுபோயிருக்கிறாய், மிஸ்டர் ஷண். ஜோர்ஜைத் தேய்க்க உன் புளியால் முடியவில்லை."

இவர் கண்ணைத் துடைக்கக் கோட்டுப் பையில் லேஞ்சியைத் தேடினார். கிடைக்கவில்லை. நான் என்னுடையதைக் கொடுத்தேன்.

பிறகு மிஸிஸ் பெல்லமி ஏசினா. நல்லாக ஏசினா. முழு மடையன் என்றா, பிரான்சு முழுக்கச் சேர்ந்து செய்ததை ஒரு சட்டிப் புளியில் ஊற்றிவிட்டாய் என்றா, டயானாவை இப்போது பார்த்தால் மதுக்கடை வாசலில் வைக்கிற பொம்மை மாதிரி இருக்கிறது என்றா. இவர் எல்லாவற்றுக்கும் "யெஸ், மெடம்" சொன்னார். ஏசிக் களைத்துப்போய், "சிவா, இந்த ஆள் எப்போதும் இப்படித்தானா?" என்றா.

"முப்பத்தாறு வருடமாக."

"பாவம் நீ. தேத்தண்ணி வை. இவருக்கும் வை."

கொலினின் விலாசத்தைக் கொடுத்தேன். அவ அதை மடித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டா. டயானா தானாக மங்கட்டும், எவ்வளவு காலம் எடுத்தாலும் சரி என்றா.

மங்கினாள். தைப்பொங்கல் வரும்போது நாயின் காது மங்கியிருந்தது, இவர் தீக்குச்சி விட்ட அதே காது. சித்திரையில் முகம் தேன் நிறமானது. பிறகு வில், முதுகு, கால். திங்கள் புதன் வெள்ளி காலைகளில் நான் போகும்போது மிஸிஸ் பெல்லமி நடையில் நிற்பா. சில நாள் அவளின் தோளில் கை வைத்தபடி நிற்பா. நான் கண்டும் காணாத மாதிரிச் சப்பாத்தைக் கழற்றுவேன்.

இந்த வருட நவராத்திரிக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. டயானா முழுக்க மென்பழுப்பு நிறம். இடது தோள் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, பொன்னாக மினுங்கியது.

"முந்தி இருந்தது ஜோர்ஜுடையது" என்றா. "இது என்னுடையது. ஒன்பது வருடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேனே, எனக்கு என்ன விசர்? உன் மனுசனிடம் சொல்லாதே, தலைக்கனம் பிடித்துவிடும்."

நான் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நிற்காது. இவர் கேட்டுக்கொண்டு இருந்தார். தலைக்கனம் ஒன்றும் பிடிக்கவில்லை. தும்பை எடுத்துக் கழுவிக் காயப்போட்டார், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம். கோயிலில் விளக்குகள் எல்லாம் காத்திருந்தன. நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டு நின்றேன். இவர் கோட்டைப் போட்டு, தும்புப் பையைத் தூக்கிக்கொண்டு, கதவடி வரை போய், திரும்பி வந்தார். என்னத்தை மறந்துவிட்டு வருகிறார் என்று பார்த்தேன். வந்து, என் இடது தோளில் உள்ளங்கையை வைத்தார். கை கொஞ்சம் பாரமாக இருந்தது. புளி மணம் அடித்தது.

"வாறன்" என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு வாய்தான் வரும். "என்ன, என்னையும் மினுக்கப் பாக்கிறியளோ?"

"நாப்பத்தொரு வருசம் எடுக்குமாம்" என்றார். "இப்பவே தொடங்கினாத்தான் சரி."

"உங்களுக்கு இப்ப அறுபத்தேழு. அப்ப நூத்தெட்டு வயசாயிருக்கும்."

"நூத்தெட்டு நல்ல எண்தானேயப்பா."

சொல்லிவிட்டுப் போனார். கதவு வரை போயும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு போனார். அதனால் வாசல்படியில் தடுக்குப்பட்டு, தும்புப் பையை விழுத்திவிட்டு, பொறுக்கிக்கொண்டு போனார்.